பேரேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிமருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டதாகச் சொன்னார்கள். தவறு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. அறைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் வேறு ஆட்கள்.

குத்தகைக்காரருக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்ப வேண்டும். அதனால் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்ற விதிதான் முதலில் காற்றில் பறக்கும். இடம் போதாவிட்டால் மரத்தடியிலும் வேலை நடக்கும். கூலியோ எண்ணிக்கைக் கணக்கு. டீ குடிக்க எழுந்தாலும் காசு போகும். வேகமான கையைப் போர்மேன் மெச்சுவார். மருந்து வேலையில் அந்த மெச்சலை நம்பக் கூடாது. களைத்த கை பிசகும்.

விபத்துக்குப் பிறகு உரிமையாளர் தரப்பு சொல்லக்கூடிய முதல் வார்த்தை, "அவர் எங்க ஆளே இல்லை." ஆகவே இன்றைக்கே தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (ஈ.எஸ்.ஐ.) எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், மாதக் கூலி 21,000 ரூபாய்க்குள் என்றால் அது உங்கள் உரிமை. கூலியில் பிடிப்பது 0.75 சதவீதம், உரிமையாளர் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்தில் இறந்தாலும், சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் என்ற கணக்கில் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். உரிமையாளர் பணம் கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் ஈ.எஸ்.ஐ. கழகம் தொகையைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க முடியும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்திலும் சட்டப்படி உரிமையாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இறந்தவர்மேலேயே கவனக்குறைவு என்று பழி போடுவது வழக்கம். அதைக் காட்டி இறப்புக்கான இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. அச்சங்குளம் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2021 ஜூனில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. ஆணை வேறு, பணம் கைக்கு வருவது வேறு. விடாமல் பின்தொடர வேண்டும்.

விபத்து நடந்தால், முதல் தகவல் அறிக்கையிலும் மருத்துவமனைப் பதிவிலும் ஆலையின் பெயர் சரியாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். செலவுக்கென்று ஆயிரங்களை நீட்டி வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100.