நெசவாளர் ஒருவரின் நூலடுக்கு

கைத்தறியோடு காலங்கழிப்போர்க்குப் புத்தகம் படிக்க ஓய்வு ஏது என்று வினவுவோர் தறியின் நாளை அறியாதவர் என்றே கூறவேண்டும். பாவு தோய்க்க வெயில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவை நீட்ட இயலாது. சங்கத்திலிருந்து நூல் வரத் தாமதித்தால் தறி நிற்கும். தார் சுற்றுவோர்க்கு உடல்நலம் குன்றினாலும் நிற்கும். இவை யாவும் கூலியில்லாத ஓய்வு என்பது மெய்யே. ஆயினும் ஓய்வு ஓய்வுதான். அதை எவ்வாறு கழிப்பது என்பதில்தான் ஒருவர்க்கொருவர் வேற்றுமை காணப்படுகிறது.

சென்னிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நம் அங்கத்தினர் ஒருவர் இருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டமையால் விடுக்கிறோம். வயது அறுபதைக் கடந்தவர்; பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது; படுக்கை விரிப்பு நெய்பவர். இவருடைய குழித்தறிக்கு எதிர்ச்சுவரில், பழுதான படைமரத்தை அறுத்துச் செய்த பலகை ஒன்று அடிக்கப்பட்டிருக்கிறது. அதில் எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் இருக்கும். பாதி இவருக்குச் சொந்தம்; மீதி கிளை நூலகத்திலிருந்து எடுத்தவை. விடியற்காலையில் தறியில் இறங்குமுன் அரைமணி, இரவு உணவுக்குப்பின் ஒருமணி என்பது இவர் வகுத்துக்கொண்ட கணக்கு. கண் மங்கி வருவதால், இரவுப் படிப்பு இனி எத்தனை ஆண்டு என்ற கவலையும் இவருக்கு உண்டு.

இப்போது இவர் கையிலிருப்பது தொ.மு.சி. ரகுநாதன் எழுதிய 'பஞ்சும் பசியும்'. 1953-இல் வெளிவந்த இந்நாவல், நூல் பஞ்சத்தால் வாடிய திருநெல்வேலிப் பக்கத்துக் கைத்தறியாளரின் கதை; செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. நம்மவர் இதனை மூன்றாம் முறையாகப் படிக்கிறார். நூலுக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நாட்கணக்கில் காத்திருந்ததைத் தம் தந்தையார் சொல்லக் கேட்டவர் அவர். ஆகவே கதையில் வரும் பசி அவருக்குப் புதிதன்று. நூல் விலை ஏறும்போது நெசவாளன் முதலில் தன் விதியை நோவான், பிறகு வியாபாரியை நோவான், கடைசியில்தான் சேர்ந்து நிற்க வேண்டுமென்று எண்ணுவான் என்றும், அந்த வரிசை புத்தகத்தில் சரியாக அமைந்திருக்கிறது என்றும் கூறுகிறார். இடையிடையே ஆசிரியர் தாமே முன்வந்து பேசிவிடுகிறார் என்ற குறையையும் மறைப்பதில்லை. எமக்கும் அதே அபிப்பிராயம்தான்.

எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ' இதற்கு முன் முடித்தது. கும்பகோணத்துச் சௌராஷ்டிரப் பட்டு நெசவாளர் வாழ்வைக் கூறுவது. ஆசிரியர் தாமே அச்சமூகத்தவர். சரிகை வியாபாரமும் செய்தவர். பருத்தி நெய்பவர் பட்டு நெய்பவரின் கதையைப் படிக்கும்போது சற்றே பொறாமை இருக்கும் என நினைத்தோம். "பட்டானாலும் பருத்தியானாலும் முதுகு வலி ஒன்றுதானுங்க" என்று நகைத்தார்.

அவருடைய மனைவியார் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே கணவர் படிக்கக் கேட்பது வழக்கம். தறி ஓடும்போது காதில் எதுவும் விழாதாகையால் அது இரவில்தான் நடக்கும். ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' அவ்வாறு ஒரு மாதம் ஓடியது. 1942-இல் வெளிவந்த அந்நாவலில், கொங்கு நாட்டுக் கைம்பெண் ஒருத்தி குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். மறுநாட் காலையில் அம்மையார் அடுப்படியிலிருந்தே, "அந்தப் புள்ளைக்குக் காட்டுல பங்கு கெடச்சுதுங்களா?" என்று கேட்பாராம். இவர் முடிவைச் சொல்லாமல், "பொழுது சாயட்டும், படிக்கறேன்" என்பாராம். கதையைக் கேட்கும் ஆவலில் தார் வழக்கத்தைவிட மிகுதியாகச் சேர்ந்தது என்பது அம்மையாரின் சாட்சியம்.

அண்டை வீட்டார் மஞ்சள் பயிரிடுபவர். இவ்விருவரும் புத்தகங்களை மாற்றிக்கொள்கின்றனர். கருத்தொற்றுமை மட்டும் அரிது. ஜப்பானிய உழவர் மசானபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழ்ப் பெயர்ப்பை அவர் ஓரங்களில் கோடிட்டுப் படித்திருக்கிறார். உழாமலே விளைவிக்கலாம் என்பதை அவர் ஒப்பவில்லை. மண்ணைத் தளர்த்திப் பாத்தி கட்டாவிடில் மஞ்சட் கிழங்கு இறங்காது என்கிறார். நிலத்தை மூடாக்கிட்டு ஈரம் காக்கலாம் என்பதைமட்டும் எடுத்துக்கொண்டார். புத்தகம் சொன்னதெல்லாவற்றையும் ஏற்பதோ எல்லாவற்றையும் எறிவதோ செய்யாமல், ஒன்றை எடுத்து ஒன்றை விடும் இவ்வழக்கம் பாராட்டத்தக்கது. கோ. நம்மாழ்வாரின் 'உழவுக்கும் உண்டு வரலாறு' இப்போது அவர் வீட்டிலிருந்து தறிவீட்டுக்கு வந்திருக்கிறது.

இனி வரவேண்டிய புத்தகங்கள். 2005 முதல் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை புத்தகத் திருவிழா நடத்திவருகிறது. சென்னையில் தைமாதத்தையொட்டி நடக்கும் கண்காட்சி மஞ்சள் வெட்டும் காலத்தில் வருவதால் இவ்விருவர்க்கும் எட்டாது. ஆகஸ்டுத் திருவிழாவோ பேருந்தில் ஏறினால் அடையும் தூரம். கூலி வாங்கும் நாள்தோறும் தகர டப்பாவில் பத்து ரூபாய் விழுகிறது. பட்டியலில் முதலில் நிற்பவை, தஞ்சை வட்டத்து உழவுத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'சேற்றில் மனிதர்கள்', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' ஆகியன. மூன்றாவதாகக் குறித்திருப்பது நாவலன்று, கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி. இடைசெவலில் உழவராயிருந்தவர் தம் ஊர்ச் சொற்களைத் தாமே தொகுத்தார் என்ற செய்தி நம்மவரைப் பெரிதும் ஆட்கொண்டிருக்கிறது.

அதன் பயன் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். தறிச் சொற்களை அதில் எழுதிவருகிறார். பாவின் குறுக்கே ஓடும் இழையை இவர் ஊர் ஊடை என்கிறது. காஞ்சிபுரத்தார் பேட்டு என்பர். கரையையும் உடலையும் வேறு நிறத்தில் சேர்த்து நெய்வது கோர்வை. முந்தானைப் பாவை மாற்றி இணைப்பது பெட்னி. காஞ்சியில் நூல்களை அடை கட்டி உருக்கொடுத்த முறை ஜக்கார்டுப் பெட்டி வந்தபின் அருகிற்று. முறை அருகினால் சொல்லும் கூடவே போகிறது. பவானி ஜமக்காளத் தறியில் தாம் கேட்ட சொற்களைத் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இதுவரை இருநூறுக்கு மேல் சேர்ந்துள்ளன. கேட்டு எழுதிய முதியவர்களில் இருவர் இவ்வாண்டு காலமாயினர்.

இது வீண் வேலையன்று. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தலைமையில் 'மாண்டலிக விருத்தி பதகோசம்' என்னும் தொழிற்சொல் அகராதி வரிசை தொகுக்கப்பட்டது. 1962-இல் வந்த முதற் தொகுதி உழவு பற்றியது. 1971-இல் வந்த இரண்டாவது கைத்தறி பற்றியது. உழவும் நெசவும் முதலிரண்டு இடங்களைப் பெற்றன என்பது நமக்குப் பெருமை தருவது. நம் நெசவாளரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "நாம் தொகுத்தால் யார் அச்சடிப்பார்கள்?"

கோட்டயத்தில் 1945-இல் பன்னிரண்டு எழுத்தாளர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, 120 ரூபாய் முதலுடன் சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். மலையாளத்தின் பேரெழுத்தாளர் பலரின் நூல்கள் அச்சங்கத்தின் வழியே வெளிவந்தன. நம் சங்கங்களின் முதல் அதனினும் பெரிது. சிறு அகராதி ஒன்றின் அச்சுக்கூலி ஒரு சங்கத்துக்குச் சுமையானால், நான்கு சங்கங்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

ஆனால் இவர் சங்கத்தில் இப்போது எழுந்துள்ள பிரச்சினை வேறு. வாசகசாலையாக இருக்கும் முன்னறையை, விற்காத சரக்கு வைக்கும் கிடங்காக்க வேண்டுமென்று அடுத்த பொதுப்பேரவைக்குத் தீர்மானம் வந்திருக்கிறது. சரக்குத் தேங்கியிருப்பது பொய்யன்று. மழையில் நனைந்தால் நட்டம் எல்லார்க்கும். எனவே தீர்மானம் கொணர்ந்தோரைக் குறைகூற இயலாது. ஆயினும் அறையை முற்றும் எடுத்துக்கொள்வதற்கு நாம் உடன்படோம்.

கூட்டுறவின் பிறப்பிடமாகக் கொள்ளப்படும் ராச்டேலில் 1844-இல் கடை திறந்த இருபத்தெண்மரில் நெசவாளர் பலர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி என விரல்விட்டு எண்ணத்தக்க பண்டங்களுடன் தொடங்கியவர்கள், ஐந்தாண்டுகளில், 1849-இல், நூலகம் ஏற்படுத்தினர். பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென ஒதுக்கினர். அவர்களுக்கு இடநெருக்கடி இல்லாமலில்லை. நம் நாட்டிலோ 1931-இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை இரட்டை மாட்டு வண்டியில் நூலகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். அறையே இல்லாத நூலகம் அது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தபின் வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். வரி கட்டிவிட்டு நூலகத்தின் படியேறாதிருப்பது, சந்தா கட்டிவிட்டுச் சங்கத்தில் நூல் வாங்காதிருப்பதற்கு ஒப்பாகும்.

நம் நெசவாளர் மாற்றுத் தீர்மானம் ஒன்று எழுதி வைத்திருக்கிறார். அறையில் முக்காற் பங்கு சரக்குக்கு. சன்னலை ஒட்டிய காற்பங்கில் இரண்டு அலமாரி, ஒரு பெஞ்சு. மாலை ஆறு முதல் எட்டுவரை தாமே வந்து திறந்து மூடுவதாகவும், அதற்கு ஊதியம் வேண்டாமென்றும் சேர்த்திருக்கிறார். அண்டை வீட்டு மஞ்சட்காரர் வழிமொழிய ஒப்புக்கொண்டார். அவர் விதித்த நிபந்தனை ஒன்று: நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களைத் தமக்கு விடவேண்டும். விரலி, கிழங்கு என்று தொடங்கி, மஞ்சளை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றுவது வரையிலான சொற்களைத் தம் தாயாரிடம் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.