துண்டுத் துணிப் போர்வையும் கால் அங்குலக் கணக்கும்

தையற்கடைகளிலும், பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களிலும் வெட்டி எஞ்சும் துண்டுத் துணிகள் கழிவென்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றைச் சதுரங்களாக வெட்டி இணைத்தால் அழகிய போர்வைகளும் விரிப்புகளும் ஆகும். ஆயின், பலர் தனித்தனியே தைத்த பகுதிகளை ஒன்று சேர்க்கும்போது ஓரங்கள் பொருந்தாமல் போனால் உழைப்பு முழுவதும் வீணாகும். தையற்காரியின் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. ஓர் அளவைப் பேணாமையே காரணம்.

கணக்கைப் பாருங்கள். 2½ அங்குலச் சதுரங்கள் எட்டினை, ஓரத்தில் ¼ அங்குலம் விட்டு வரிசையாகத் தைத்தால், வரிசையின் நீளம் 16½ அங்குலம் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு தையலும் ஒரு மாகாணி, அதாவது 1/16 அங்குலம், உள்ளே தள்ளி விழுந்தால், இருபுறத் துணியிலுமாக அரைக்கால் அங்குலம் குறையும். ஏழு தையலுக்கு முக்காலே அரைக்கால் அங்குலம் குறைந்துவிடும்! சரியாகத் தைத்த மற்றொரு வரிசையோடு இது எவ்வாறு பொருந்தும்?

இக்குறையை நீக்கும் எளிய முறைகள் வருமாறு:

1. துணியை முதலில் நனைத்து உலர்த்தித் தேய்த்து, பின்னரே வெட்டுக. சுருங்குவதும் சாயம் போவதும் அப்பொழுதே தெரிந்துவிடும். இழுபடும் பனியன் துணியை நெய்த துணியோடு கலத்தல் கூடாது.

2. அளவுகோலைப் பாதத்தின் கீழ் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, ஊசிமுனை ¼ அங்குலக் கோட்டைத் தொடச் செய்க. அளவுகோலின் வலது ஓரத்தை ஒட்டி, ஊசித் தகட்டின் மேல் பிளாஸ்திரியை நான்கைந்து மடிப்பாக ஒட்டுக. துணியின் ஓரம் இவ்வரப்பை உரசியே செல்லட்டும். துணியை நகர்த்தும் பற்களை அது மறைத்தலாகாது.

3. 1½ அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை இணைத்துத் தேய்த்து அளந்து பார்க்க. நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருத்தல் வேண்டும். துணி மடியும் இடத்தில் சிறிது அளவு போவதால், அது குறைந்திருந்தால் வரப்பை ஓர் இழையளவு ஊசிப்பக்கம் நகர்த்துக.

4. தையலைக் கழிவுத் துண்டொன்றில் தொடங்கி, நூலை அறுக்காமல் அடுத்தடுத்த இணைகளைச் செலுத்துக. துணிமுனை ஊசித் துளையில் சிக்காது. நூலும் நேரமும் மிச்சமாகும். ஓர் அங்குலத்திற்குப் பத்துப் பன்னிரண்டு தையல் போதும். துணியைக் கையால் இழுத்தலாகாது.

5. இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துக. ஒரு வரிசையின் தையலோரங்களை வலப்புறமும், அடுத்த வரிசையின் ஓரங்களை இடப்புறமும் மடிக்க, சந்திகள் ஒன்றில் ஒன்று பொருந்தி அமரும்.

கருநாடகத்துச் சித்தி இன மகளிர் ‘கவந்தி’ என்னும் போர்வையை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கையாலேயே தைக்கின்றனர். அங்குத் துண்டு எவ்வளவாயினும் கை அதனை இசைவித்துக்கொள்ளும். பலர் பல இயந்திரங்களில் பங்கிட்டுச் செய்யும் வேலைக்கோ பொது அளவு இன்றியமையாதது.

ஆதலின், ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊர் மகளிர் குழுவிற்கு ஒரே அளவுகோலும், ஒரே அட்டை மாதிரியும் கிடைக்கச் செய்வார்களாக. வேலையைப் பங்கிடுமுன் ஒவ்வோர் இயந்திரத்திலும் மூன்று பட்டைச் சோதனை நடைபெறட்டும். சிறு செலவில் செய்யும் இவ்வேற்பாடு, பல கைகளின் உழைப்பை ஒரே போர்வையாக இணைக்கும்.