பேத்தை மீன் வாங்கப் போகிறீர்களா?

வண்ண மீன் கடைகளில் இந்த மீனை நீங்கள் பார்த்திருக்கலாம். உருண்டை வயிறு, பெரிய கண்கள், கிளியின் அலகைப் போன்ற வாய். மற்ற மீன்கள் தம்பாட்டுக்கு நீந்திக் கொண்டிருக்க, இது மட்டும் கண்ணாடிக்கு அருகே வந்து நின்று, உங்கள் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணை உருட்டும். இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்ட அதனால் முடியும்! இதுதான் பேத்தை. நம் கடற்கரை மீனவர்கள் வலையில் சிக்கினால் வேண்டாமென்று தூக்கி எறிகிறார்களே, அந்தக் கடல் பேத்தையின் உறவு. கடல் பேத்தைகள் பலவற்றின் ஈரலிலும் சினைப்பையிலும் டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. நன்னீர் இனங்கள் சிலவற்றிலும் நஞ்சு இருக்கிறது. வளர்ப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. சாப்பிடாமல் இருந்தால் போதும்.

கடைக்காரரிடம் "இது நல்ல தண்ணீர் மீன்தானா?" என்று கேட்பீர்கள். அவரும் "ஆமாம் தம்பி, இதோ நல்ல தண்ணீரில்தானே இருக்கிறது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த பதிலை நம்பி வாங்கிய மீன் சில மாதங்களில் மெலிந்து, நிறம் கறுத்து, செத்துப் போவதுண்டு. ஏன்?

மாங்காயும் மீனும்

மீனைப் பற்றி எழுத இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு விடை உங்கள் பாடப் புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குகிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறது. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வின் வழியே செல்லும், அவ்வளவுதான்.

மீனின் செவுள் ஒரு மெல்லிய சவ்வு. மீனின் உடல் திரவத்தில் உள்ள உப்பு, கடல் நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஆற்று மீன் ஓயாமல் திராட்சையைப் போல நீரை உள்வாங்கும். அதன் சிறுநீரகம் இரவும் பகலும் அந்த நீரை இறைத்து வெளியேற்றும். கடல் மீனோ மாங்காயைப் போல நீரை இழக்கும்; அதை ஈடுகட்டக் கடல் நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே தள்ளும். கழிமுகத்தில் வாழும் மீன் இரண்டு வேலையும் கற்றது. ஆற்று நீரில் சில காலம் சமாளிக்கும். ஆயுள் முழுவதும் சமாளிக்க முடியாது.

கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் பச்சைப் புள்ளிப் பேத்தை இப்படிப்பட்ட கழிமுக மீன். பச்சை மஞ்சள் முதுகில் கரும்புள்ளிகள், வெள்ளை வயிறு, மிக அழகானது. அறிவியல் பெயர் டைகோடோமைக்டீர் நைக்ரோவிரிடிஸ். இலங்கை முதல் இந்தோனேசியா, சீனா வரை ஆறு கடலில் கலக்கும் இடங்களில் வாழ்கிறது. 2004-இல் இதன் மரபுத்தொகுதியை அறிவியலார் படித்து வெளியிட்டனர். முதுகெலும்பு உள்ள விலங்குகளில் மிகச் சிறிய மரபுத்தொகுதிகளுள் இதுவும் ஒன்று. கடையில் 3 செ.மீ. குஞ்சாக இருக்கும். அந்த வயதில் நன்னீரைத் தாங்கிக் கொள்ளும். வளர்ந்து 15 செ.மீ. ஆகும்போது உவர்நீர் இல்லாமல் நலமாக இராது.

உவர்நீரைத் தயாரிக்க முடியாதா? முடியும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதில் பாதி என்றால் 17.5 கிராம். இந்த மீனுக்கு 120 லிட்டர் தொட்டியாவது வேண்டும். எனவே 2,100 கிராம் உப்பு. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றும்போது மேலும் 525 கிராம். சமையல் உப்பு ஆகாது. கடல்மீன் தொட்டிகளுக்கென விற்கும் உப்புக் கலவைதான் வேண்டும். அளவைச் சரிபார்க்கப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்த திரவமானியே போதும்: ஒப்படர்த்தி 1.012-ஐ ஒட்டி இருக்க வேண்டும். தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்தால் என்ன ஊற்றுவீர்கள்? உப்பு நீர் என்றால் தவறு. ஆவியானது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும்.

இந்தச் செலவுக்கும் உழைப்புக்கும் வீட்டில் இசைவு இருந்தால் பச்சைப் புள்ளிப் பேத்தையை வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

உண்மையான நன்னீர்ப் பேத்தைகள்

பேத்தைக் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. வாழ்நாள் முழுவதையும் நன்னீரில் கழிப்பவை அவற்றில் சிறு பகுதியே. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றிலும் டாங்கனீக்கா ஏரியிலும் வாழும் ராட்சதப் பேத்தை 67 செ.மீ. வரை வளரும். குஞ்சாக இருக்கும்போது யாரும் ஆசைப்படுவார்கள். ஆனால் அது திரும்பி நீந்தவே ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் வேண்டும். ஆயிரம் லிட்டர் நீர் என்பது ஒரு டன் எடை என்பதை மாடி வீட்டில் குடியிருப்போர் நினைவில் வைப்பது நல்லது. நைல் ஆற்றுப் பேத்தை 40 செ.மீ.-க்கு மேல் வளரும், எந்தத் துணையையும் கடித்துத் தீர்க்கும். அமேசான் பேத்தை சிறியதுதான்; ஓடும் நீர் கேட்கும். கங்கை, பிரம்மபுத்திரா பகுதிகளில் வாழும் குட்குட்டியா நம் நாட்டு நன்னீர் மீன். பொறுமை உள்ளவருக்கு ஏற்றது, எனினும் சண்டைக்காரன். தனியாக வைக்க வேண்டும்.

தொடக்கக்காரருக்கு நான் சொல்வது கேரளத்தின் குள்ளப் பேத்தையைத்தான். முழு வளர்ச்சியிலும் 3 செ.மீ.-யை ஒட்டியே இருக்கும். ஒரு பெரிய பட்டாணி என்று சொல்லலாம். 1941-இல் ஹோராவும் நாயரும் பம்பை ஆற்றிலிருந்து இதை முதன்முதலாக விவரித்தனர். அந்நாளைய திருவாங்கூரை நினைவூட்டும் வகையில் காரினோடெட்ரோடான் திரவன்கோரிகஸ் என்று இப்போது பெயர். ஒரு துளி உப்பும் தேவையில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கே ஓடும் சில ஆறுகளில் மட்டுமே இம்மீன் இயற்கையில் உள்ளது. ஆறுகள் கெடுவதாலும், வண்ண மீன் வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்படுவதாலும், அழியும் இடருக்கு ஆளான இனமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. தொட்டியில் பாசிக் கொத்துக்கிடையே எளிதில் முட்டையிடும் மீன் இது. ஆற்றில் பிடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆகவே "இது பொரித்து வளர்த்ததா, ஆற்றில் பிடித்ததா?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வேறு கடை பாருங்கள். சென்னைக் கொளத்தூர் போல மீன் வளர்ப்போர் நிறைந்த இடங்களில் பொரித்த குஞ்சுகளைத் தேடுவது வீண் முயற்சி ஆகாது.

தொட்டி முதலில், மீன் பிறகு

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பினால் 54 லிட்டர். நான்கைந்து குள்ளப் பேத்தைகளுக்குப் போதும். (முன்பக்கக் கண்ணாடியை அந்த நீர் எவ்வளவு விசையுடன் தள்ளும்? சராசரி அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 265 நியூட்டன் வரும், அதாவது 27 கிலோ எடை! மெல்லிய கண்ணாடி ஏன் ஆகாது என்பது புரியும்.)

நீர் நிரப்பிய அன்றே மீனை விடாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்கும் இரை வேண்டும் என்பதால், மீனில்லாத அந்நாட்களில் சிறிது மீன் தீனியைப் போட்டு அழுக விடுவார்கள். பேத்தை இறைச்சி தின்னும் மீன். சிந்திச் சிதறித் தின்னும். ஆகையால் இந்தக் காத்திருப்பைக் குறைக்க வழியில்லை. தாவரவியல் ஆய்வகத்தில் பார்த்த ஹைட்ரில்லாவை அடர்த்தியாக நடுங்கள். ஆண் மீன்கள் ஒன்றையொன்று விரட்டும்போது ஒளிய இடம் வேண்டுமே! வளர்ந்த ஆணுக்குக் கண்ணின் பின்னே மெல்லிய சுருக்கங்களும் வயிற்றின் நடுவே கருங்கோடும் இருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்பது நல்ல கணக்கு. நீண்ட துடுப்புள்ள வேறு மீன்களைச் சேர்க்காதீர்கள். துடுப்பைக் கொத்தித் தின்றுவிடும்.

நம் ஊர் மே மாதம் இம்மீனுக்குச் சோதனைக் காலம். 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் அதற்கு உகந்தது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பை நோக்கி வைத்தால் நீர் ஆவியாகி வெப்பம் குறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே?

கடையில் மீனைப் பார்க்கும்போது வயிற்றைப் பாருங்கள். உள்வாங்கிய வயிறு பட்டினியையோ குடற்புழுவையோ காட்டும். உங்கள் எதிரில் இரை போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள். "ஊதிக் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். பேத்தைக்கு விலா எலும்பு இல்லை. ஆபத்து என்றால் நீரை விழுங்கி இரைப்பையை விரித்துக் கோளமாகிவிடும். ஆரம் இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு! விழுங்க வந்த பகைவன் திகைப்பான். ஆனால் மீனுக்கு அது உயிர் போகும் அச்சத்தில் செய்கிற செயல். வலையில் வெளியே எடுத்தால் நீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும். அதை வெளியேற்ற முடியாமல் திணறும். ஆகவே குவளையால் நீரோடு சேர்த்து முகந்து தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து, மீனைக் குவளையால் மாற்றுங்கள். முதல் நாள் செடிக்குள் ஒளிந்திருக்கும். உலர்ந்த குருணைத் தீனியை முகர்ந்து கூடப் பார்க்காது. மறுநாள் காலை நான்கைந்து கொசுப்புழுக்களையோ ஒரு சிறு நத்தையையோ விட்டுப் பாருங்கள். அசையாமல் நிற்கும், வாலை ஒரு பக்கம் மடக்கும், இரண்டு கண்களும் ஒரே புள்ளியில் குவியும், அடுத்த நொடி புழு அங்கே இராது.