சக்கரத்தை நாமே கோக்கலாமா?



உங்களில் பலருக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும். செயின் கழன்றால் மாட்டத் தெரியும். அப்புறம் ஒரு நாள் கடைக்கார அண்ணன் சைக்கிளைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரிம் துருப்பிடிச்சுப் போச்சு, வேற வீல் போட்டுடு" என்கிறார். பெரும்பாலான பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வருவார்கள். யாராவது ஒரு பிள்ளைக்கு மட்டும் மண்டைக்குள் பூச்சி பறக்கும். 'நடுவில இருக்கிற ஹப் நல்லாத்தானே இருக்கு? ரிம் மட்டும் வாங்கி, கம்பி கோத்து, சக்கரத்தை நாமே பண்ணினால் என்ன?'

சபாஷ்! நல்ல கேள்வி. ஆனால் நான் உடனே 'சரி' என்று சொல்லிவிட மாட்டேன். சக்கரம் எப்படி நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். பிறகு முடிவை நீங்களே எடுங்கள்.

ஸ்போக்ஸ் கம்பி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள். பழையது போதும். கனம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். ஒரு முனையில் கொக்கி மாதிரி வளைவு இருக்கும். மறு முனையில் மரை இருக்கும். அதில் திருகுகிற சின்னப் பித்தளைக் குமிழுக்குப் பெயர் நிப்பிள்.

கம்பியைத் தரையில் நிமிர்த்தி, மேல் முனையில் துணியை மடித்து வைத்து அழுத்துங்கள். சட்டென்று வளைகிறதா? இப்போது இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். அசையவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லுங்கள். அப்போதும் அசையாது.

ஆக, இந்தக் கம்பி இழுப்பைத் தாங்கும், அழுத்தினால் மடங்கிவிடும். புரிந்ததா?

மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் தடித்த மரம். பாரத்தை அவை நேராக நின்றே தாங்கும். அழுத்தினால் மடங்கும் கம்பி, உங்களையும் புத்தகப்பையையும் பின்னால் உட்கார்ந்த தங்கையையும் எப்படித் தாங்குகிறது?

பள்ளி விளையாட்டு விழாவில் கயிறிழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். கயிற்றின் நடுவே ஒரு கைக்குட்டை கட்டியிருப்பார்கள். இரண்டு அணியும் சமமாக இழுக்கும்வரை கைக்குட்டை நகராது. சைக்கிளின் ஹப்தான் அந்தக் கைக்குட்டை. சுற்றிலும் உள்ள கம்பிகள் எல்லாத் திசையிலும் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. எத்தனை கம்பிகள் என்று உங்கள் சைக்கிளில் எண்ணிப் பாருங்கள். சிலவற்றில் இரண்டு சக்கரத்திலும் 36 இருக்கும். பழைய கறுப்பு சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். நன்றாக முறுக்கேற்றிய கியர் சைக்கிள் சக்கரத்தில், ஒரு கம்பியின் இழுப்பு சுமார் 100 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்!

நீங்கள் சீட்டில் ஏறி உட்காருகிறீர்கள். ஹப் கீழே அமுங்கப் பார்க்கிறது. இப்போது எந்தக் கம்பிகளில் பெரிய மாற்றம் வரும்? யோசித்துச் சொல்லுங்கள்.

'மேலே உள்ளவை' என்றுதானே சொன்னீர்கள்? நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, 1981-ல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். மேல் கம்பிகளின் இழுப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தரைக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகள் மட்டும் தளர்கின்றன. கயிறிழுப்பில் எதிரணி கொஞ்சம் தளர்ந்தாலே நம் அணி ஜெயித்துவிடும் அல்லவா? கீழே இழுப்பவர்கள் தளர்ந்ததால் மேலே இழுப்பவர்கள் ஜெயிக்கிறார்கள். ஹப் விழாமல் நிற்கிறது.

சக்கரம் உருள உருள ஒவ்வொரு கம்பிக்கும் கீழே வரும் முறை வரும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்கு 450 சுற்று. அதாவது ஒவ்வொரு கம்பியும் 450 தடவை தளர்ந்து இறுகுகிறது. கம்பி முதலிலேயே தொளதொளவென்று இருந்தால் கீழே வரும்போது முழுக்கத் தளர்ந்துவிடும். நிப்பிள் தானாகக் கழலத் தொடங்கும். ஹப்பில் மாட்டிய வளைவு ஆடி ஆடி ஒரு நாள் 'டக்'கென்று ஒடியும்.

இப்படிக் கம்பியை இழுத்துக் கட்டும் சக்கரத்துக்கு, பாரிஸில் யூஜின் மேயர் 1869-ல் காப்புரிமை வாங்கினார். 1874-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளைச் சாய்த்துக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஏன் சாய்க்க வேண்டும்? மிதிக்கும்போது ஹப் முறுக்கிக்கொண்டு திரும்பும். சாய்ந்த கம்பிதான் அந்த முறுக்கை ரிம்முக்குச் சேர்க்கும். பின் சக்கரத்தில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு போங்கள். வழியில் மூன்று நான்கு கம்பிகளைத் தாண்டித்தான் ரிம்மைத் தொடும்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

கம்பி கோப்பது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. பக்கத்தில் நல்ல சக்கரம் ஒன்றை வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கோத்துவிடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். கோட்டம் எடுக்க வேண்டும், அதாவது ரிம்மின் கோணலை நிமிர்த்த வேண்டும்!

கம்பிகள் ஒன்றுவிட்டு ஒன்று ஹப்பின் இடது பக்கமும் வலது பக்கமும் போகின்றன. இங்கேயும் கயிறிழுப்புதான். ரிம் ஓரிடத்தில் இடப்பக்கம் சாய்ந்து பிரேக் ரப்பரில் உரசினால், அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியை இறுக்க வேண்டும். எவ்வளவு? நிப்பிள் சாவியால் கால் சுற்று. சாதாரணக் கம்பியில் அங்குலத்துக்கு 56 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் நகர்வது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கால் சுற்றுக்கு ஒரு காகிதத்தின் கனம்தான். பொறுமையில்லாமல் இரண்டு சுற்று திருகினால் ரிம் அந்தப் பக்கம் ஓடிவிடும்.

திருகும் திசையும் ஏமாற்றும். டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் இறுகும். ஹப் பக்கமிருந்து பார்த்தால் தலைகீழ். பெரியவர்களே இதில் குழம்புவார்கள்.

ரிம் நேராக ஓடினால் மட்டும் போதாது. கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று 'டிங்' என்றும் அடுத்தது 'டொப்' என்றும் சொன்னால் இழுப்பு சமமில்லை. பின் சக்கரத்தில் வலப்பக்கச் சுருதி கூடுதலாக இருக்கும். செயின் ஓடும் ஃப்ரீவீலுக்கு இடம் விட்டதால் அந்தப் பக்கக் கம்பிகள் அதிகம் இறுக வேண்டியிருக்கிறது. அது கோளாறு இல்லை.

ஆகவே, புது ரிம் வாங்குமுன் ஒரு பரீட்சை. கடையில் தூக்கிப்போட்ட கோணல் சக்கரம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சைக்கிளைக் கவிழ்த்து ஃபோர்க்கில் அதை மாட்டி, ரிம்மை ஒட்டி ஒரு பென்சிலைக் கட்டி, சுற்றிவிட்டுப் பாருங்கள். ஆட்டத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து, சுருதியையும் சேர்க்க முடிந்தால் நீங்கள் சக்கரம் கோக்கலாம். பத்து நிமிடத்தில் சாவியைத் தூக்கி எறியத் தோன்றினால், அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இறங்க வேண்டாம். தனித்தனியாக வாங்குவதைவிடக் கோத்த சக்கரமே மலிவாகக் கிடைப்பதும் உண்டு. இரண்டு விலையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக வாங்குவதானால் பழைய ரிம்மையும் பழைய கம்பியையும் கையோடு கொண்டுபோங்கள். கம்பி குட்டையாக இருந்தால் மரை சரியாகப் பிடிக்காது. நீளமாக இருந்தால் முனை நிப்பிளைத் தாண்டி வந்து ட்யூபைக் குத்தும்.

முதல் சக்கரம் முன் சக்கரமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் சமம் என்பதால் அது எளிது. ஆனால் ஓடும்போது முன் சக்கரம் மடங்கினால் தலைகுப்புற விழுவீர்கள். அதனால் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு கோத்துவிட்டு, கடைக்கார அண்ணன் சுற்றிப் பார்த்து, கம்பிகளை அழுத்திப் பார்த்து, 'ஓட்டு' என்று சொன்ன பிறகே ஏறுங்கள். முதல் நாள் கம்பிகள் 'டிங் டிங்' என்று சத்தம் போடலாம். திருகும்போது முறுக்கிக்கொண்ட கம்பிகள் பிரிகின்ற சத்தம் அது. ஒரு வாரம் ஓட்டியதும் இன்னொரு தடவை கோட்டம் பார்த்துவிடுங்கள்.