பெயருக்கு 450 கோடி, லயத்துக்கு உறுதி இல்லை

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், றம்பொடை வளைவுகளைத் தாண்டினால் லபுக்கலை. அங்கே மலைச்சரிவில், தூரத்திலிருந்தே படிக்கக்கூடியதாக, பெரிய வெள்ளை எழுத்தில் கம்பனியின் பெயர் நிற்கும். நெடுங்காலம் அது மெக்வூட்ஸ். 1841இல் வெள்ளைக்காரக் கப்பல் கப்டன் ஒருவர் தொடங்கிய வியாபாரத்தின் பெயர். இப்போது அந்த இடத்தில் டம்ரோ. கட்டிலும் அலுமாரியும் வாங்கிய இலங்கை வீடுகளெல்லாம் அறிந்த பெயர். உல்லாசப் பயணிகள் அன்று அந்த எழுத்துகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள், இன்று இந்த எழுத்துகளுக்கு முன்னால் எடுக்கிறார்கள். அந்த மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு இரண்டு காலத்திலும் அது லபுக்கலைத் தோட்டம்தான்.

நொடித்துப்போன பழைய பெயர்களை வாங்கப் பெரும் பணக்காரர்கள் போட்டியிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. 2024 செப்டம்பர் கடைசியில், நட்டத்தில் தள்ளாடிய மல்பெரி என்ற இங்கிலாந்துக் கைப்பைக் கம்பனியை, அதில் சுமார் 37 சதவீதப் பங்கு வைத்திருந்த பிரேசர்ஸ் குழுமம் 83 மில்லியன் பவுணுக்குக் கேட்டது. பிறகு 111 மில்லியன் வரை ஏறியது. 56 சதவீதம் வைத்திருந்த சிங்கப்பூர்க் குடும்பம் விற்கமாட்டோம் என்றது, பேச்சு அதோடு முடிந்தது. பங்கு என்ன விலை, யார் கை ஓங்கியது என்று பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. சொமர்செற்றில் அந்தப் பைகளைத் தைப்பவர்களைப் பற்றி நான் வாசிக்கக் கிடைத்தது சில வரிகள்தான்.

தேயிலையில் நடந்தது இதைவிடப் பெரியது. மளிகைக்கடைக்காரரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கத்தில் டம்பேத்தன்ன உட்படத் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்துக் கொழுந்து இடைத்தரகர் இல்லாமல் வீட்டுக் கேத்தலுக்கு வருகிறது என்று சொல்லி விற்றார். அந்தச் சொல்லுக்குச் சாட்சியாக விளம்பரங்களில் அவர் நிறுத்தியது யாரை? தலையில் முக்காடும் முதுகில் கூடையுமாக நிற்கும் நம் பெண்ணை. நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பெயர் மக்கள் மனதில் ஊறியதற்கு அவள் படமும் ஒரு காரணம். 2021 நவம்பரில் யூனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை, லிப்டன் உள்ளிட்ட 34 வர்த்தகப் பெயர்களோடு, சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 450 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கைமாற்றம் முடிந்தது. அந்த விலையில் தேயிலைச் செடி கொஞ்சம், இயந்திரம் கொஞ்சம். மிகுதியெல்லாம் பெயருக்கு.

ரைபூவின் கதை இதற்கு நேரெதிர். 1903இல் பேர்மிங்ஹாமில் பிறந்த அந்தத் தேயிலைப் பெயர் 2024 நவம்பரில் திவாலானது. மின் சிகரெட்டும் பற்றரியும் விற்கும் ஒரு கம்பனி அடுத்த சில நாட்களிலேயே 10.2 மில்லியன் பவுணுக்கு அதை எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் நம் நாட்டுத் தூள் தேயிலையை நம்பி வளர்ந்த பெயர் அது.

பெயர் ஏறினாலும் இறங்கினாலும் தோட்டத்தில் என்ன மாறுகிறது? நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில், ஓய்வுபெற்ற ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். சின்ன வயதில் வெள்ளைக்காரத் துரையிடம் பேர் பதிந்தவர். 1975க்குப் பிறகு தோட்டம் அரசின் ஜனவசமவுக்குப் போனது. 1992இல் கம்பனிக்கு வந்தது. அந்தக் கம்பனியும் பிறகு கைமாறியது.

“போர்டு எத்தனையோ மாறிருச்சு தம்பி. ஸ்டோருக்கு பெயின்ட் அடிப்பாங்க, புதுத் தொர வருவாரு, பெரட்டுல வணக்கம் சொல்லுவாரு. எங்க காம்பரா நம்பர் மட்டும் மாறவே இல்ல” என்றார்.

வரிசை வீடான லயத்தில் அந்தக் காம்பராவைப் பார்த்தேன். முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி, நடுவில் ஓர் அறை. தகரம் காற்றில் தூக்காமலிருக்க மேலே கல் வைத்திருக்கிறார்கள். மகன் கொழும்பில் உழைத்து அனுப்பிய காசில் பக்கத்தில் ஓர் அறை இறக்கப் பார்த்தார்களாம். அஸ்திவாரம் வெட்டியதும் தோட்டத்து ஒபிசிலிருந்து ஆட்கள் வந்து நிறுத்தச் சொன்னார்கள். காணி தோட்டத்துடையது, அனுமதி வேண்டும் என்றார்கள். வெட்டிய குழி மழைத்தண்ணீர் தேங்கி அப்படியே கிடக்கிறது. அவருக்கு வரும் கடிதமும் தோட்டத்து ஒபிசுக்குப் போய்த்தான் அவர் கைக்கு வருகிறது, ஏனென்றால் வீட்டுக்கென்று ஒரு முகவரி கிடையாது.

தோட்டங்கள் தனியாருக்குப் போனபோது கம்பனிப் பங்குகளில் 10 சதவீதம் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் பங்கு என்றால் என்ன, அதை வைத்திருந்தால் என்ன உரிமை வரும் என்பதை அந்த மக்களுக்குப் புரியும்படி உட்கார்ந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. “பத்திரம்னு ஒன்னு குடுத்தாங்க. மக சடங்குக்கு வித்துட்டோம்” என்றார் அந்த அம்மா. அவரைப் போல விற்றவர்கள் பலர். இன்று ஒரு கம்பனி கைமாறும்போது பேச்சுவார்த்தை மேசையில் தொழிலாளருக்கு நாற்காலி இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே வேளையில் கென்யாவில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். லிப்டன் தன் கிழக்கு ஆபிரிக்கத் தோட்டங்களை இலங்கையின் பிரவுண்ஸ் குழுமத்துக்கு விற்பதாக 2024இல் அறிவித்தபோது, கென்யத் தோட்டங்களில் 15 சதவீதப் பங்கை அந்த மண்ணின் மக்களுக்காக ஒதுக்குவது ஒப்பந்தத்தோடு சேர்ந்தே வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் காணி பறிபோன சமூகங்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததன் பலன் அது. அங்கே எழுத முடிந்தது இங்கே ஏன் எழுத முடியாது? நம் மக்கள் காணி பறிகொடுத்தவர்கள் அல்ல, காணியே கொடுக்கப்படாதவர்கள். கேட்கும் நியாயம் அதனால் குறைந்துவிடாது.

பழைய கையில் காய்வதைவிடப் புதிய கையில் தோட்டம் துளிர்க்கட்டும், முதல் போட ஆள் வந்தால்தான் சம்பளமும் உயரும் என்று துறையிலுள்ளவர்கள் சொல்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு. 2021இன் இரசாயன உரத் தடைக்குப் பிறகு, அவ்வருடம் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல் அடுத்த வருடம் சுமார் 251 மில்லியனுக்கு விழுந்தது. காசில்லாத கம்பனியால் அதைத் தூக்கி நிறுத்த முடியாது.

என் கவலை வேறு. கம்பனிகள் வாங்குவதும் விற்பதும் காணியை அல்ல, குத்தகையை. காணி அரசுடையது, குத்தகை 53 வருடம், 2045இல் முடிகிறது. அந்தக் குத்தகைக் காணிக்குள்தான் தேயிலை மலையும் இருக்கிறது, ஸ்டோரும் இருக்கிறது, லயமும் இருக்கிறது, கோயிலும் இருக்கிறது, பாட்டனையும் பூட்டனையும் புதைத்த இடமும் இருக்கிறது. கம்பனி கைமாறும்போது இத்தனையும் ஒரே கட்டாகக் கைமாறுகிறது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் காணிக்கு இன்று தேயிலை மட்டுமா மதிப்பு? ஹோட்டல் வருகிறது, விடுமுறை பங்களா வருகிறது. நீரும் குளிரும் காட்சியும் விலைபோகும் காலம் இது. 2045 நெருங்க நெருங்க, வாங்க வருகிறவரின் கண் செடியில் இருக்குமா, செடிக்குக் கீழே உள்ள நிலத்தில் இருக்குமா? அப்போது பத்திரமில்லாத லயத்துக்காரர் எதைக் காட்டி நிற்பார்?

7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற பேச்சு எத்தனையோ தேர்தல்களைக் கண்டுவிட்டது. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் நின்று இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடு தருவதாகச் சொன்னார். பிறகு 7 பேர்ச்சஸ் 10 ஆனது. வீடுகள் எழும்பிய இடங்களில் பிள்ளைகள் படிக்க ஒரு மூலை கிடைத்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் லயத்திலேயே இருக்கும் குடும்பங்கள்தான் இன்னும் அதிகம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைகள் சரிந்தபோது, லயத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு எழுந்த முதல் கேள்வி வீடு எப்படி இருக்கும் என்பதல்ல, எந்தக் காணியில் கட்டுவது என்பதுதான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம், அதில் ஒரு துண்டும் அவர்கள் பெயரில் இல்லை.

ஆகவே எந்தப் பெருந்தோட்டக் கம்பனியின் பங்கும் இனிக் கைமாறுவதற்கு முன், லயங்களும் வீட்டுத் தோட்டங்களும் மயானங்களும் அளக்கப்பட்டுக் குத்தகைக் காணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட வேண்டும். அபாய வலயத்தில் உள்ள லயங்களுக்கு அதே தோட்டத்தில் மாற்றுக்காணி குறிக்கப்பட வேண்டும். மிச்சக் குத்தகையை யார் வாங்கினாலும் வாங்கட்டும். கொடுக்கும் உறுதியில் கணவன், மனைவி இருவர் பெயரும் எழுதப்பட வேண்டும், ஏனென்றால் மலையில் கொழுந்து எடுத்துப் பேர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.