எச்சரிக்கும் விரியன்

பாம்பு என்றதும் நம் கை தடியைத் தேடுகிறது. நஞ்சுள்ளது கொடியது, நஞ்சற்றது தீங்கற்றது என்றும் நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு எப்போதும் சரியாகுமா? கரீபியன் கடலிலுள்ள அரூபா தீவின் செய்தியைக் கேளுங்கள்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்து அரசின் ஓர் அங்கமாக விளங்கும் இத்தீவின் பரப்பு சுமார் 180 சதுர கிலோமீட்டர். கள்ளியும் முட்புதரும் மிகுந்த வறண்ட நிலம். உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத கிலுகிலுப்பை விரியன் ஒன்று இங்கு உண்டு. தென் அமெரிக்கக் கிலுகிலுப்பை விரியனின் கிளையினம் என்று இதனைக் கூறுவர். தனி இனம் என்பாரும் உளர். தீவு மக்கள் வழங்கும் பெயர் 'கஸ்கபெல்'.

இதன் நீளம் ஏறத்தாழ மூன்று அடி. நிறமோ மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும் வெளிர் நிறம். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையிலுள்ள சிறு குழியால் இரையின் உடல் வெப்பத்தை உணர்ந்து, இருளிலும் எலியைப் பிடித்துவிடும். முட்டையிடாமல் குட்டி ஈனும். வால் நுனியில், நம் நகத்தை ஒத்த பொருளாலான வளையங்கள் கோத்தாற்போல் அமைந்திருக்கும். தோலுரிக்கும்போதெல்லாம் ஒரு வளையம் கூடும். யாரேனும் நெருங்கினால் வாலை அதிர்வித்து ஓசை எழுப்பும். 'விலகிச் செல்லுங்கள்' என்பதே அதன் பொருள்!

இப்படி எச்சரிக்கும் உயிரைத்தான் மனிதர் கண்ட இடத்தில் கொன்றனர். குடியிருப்புகள் பெருகின, ஆடுகள் மேய்ந்து புதர்கள் குறைந்தன. இன்று தீவின் ஒரு பகுதியில் மட்டுமே அது எஞ்சியுள்ளது. அதன் வாழிடத்தில் பெரும்பகுதி, 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரிகோக் தேசியப் பூங்காவுக்குள் அடங்குகிறது.

இதற்கிடையே, 1999இல் அத்தீவுக்கு உரியதல்லாத போவா என்னும் பெரிய பாம்பு அங்கே காணப்பட்டது. வளர்ப்பதற்காக மனிதர் கொண்டுவந்து விட்டதாகவே கருதப்படுகிறது. அதற்கு நஞ்சு கிடையாது. ஆனால் விரைந்து பெருகி, தீவின் பறவைகளையும் பல்லிகளையும் விழுங்கிவருகிறது. விரியனின் இரைக்கும் போட்டியாக வந்துவிட்டது. பல ஆண்டுகளாகப் பிடித்து அகற்றியும் அதனை ஒழிக்க முடியவில்லை.

சிந்தித்துப் பாருங்கள். நஞ்சுள்ள விரியன் தன் எல்லைக்குள் நெடுங்காலம் வாழ்ந்தது. தீவின் பிற உயிர்கள் அதனால் அழிந்துவிடவில்லை. நஞ்சில்லாத பாம்போ, மனிதனின் பொறுப்பின்மையால் இடம் மாறிவந்து, சில ஆண்டுகளிலேயே தீவுக்குச் சுமையாகிவிட்டது. அடுத்த முறை பாம்பைக் கண்டால் தடியைத் தேடாமல் விலகி நில்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதையே கற்றுக்கொடுங்கள்.