தண்ணீருக்கும் பேரேடு வேண்டும்

தண்ணீர்ப் பிரச்சினை விவசாயிகளின் கவலை, நமக்கு என்ன என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். கம்மாபுரம் வட்டாரத்து மளிகைக் கடைகளின் பற்று நோட்டைப் புரட்டினால் உண்மை தெரியும். நெல்லும் மணிலாவும் விளைந்து விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குப் போனால்தான் நமக்குப் பாக்கி வசூலாகும்.

2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என அரசு அறிவித்தது. வெள்ளமும் வறட்சியும் பதினான்கு மாதத்திற்குள்! பருவநிலை மாற்றத்தால் இத்தகைய ஏற்ற இறக்கம் இனி அதிகமாகும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

நமது பகுதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழே அழுத்தத்துடன் ஊற்று நீர் இருக்கிறது. அதை இறைத்துக் கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். வெளியேறும் நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியே பாசனத்திற்குப் பயன்படுகிறது. அது நன்மையே. ஆனால் நிலத்தடி நீர் என்பது முதல். மழை நீர்தான் வரவு. முதலை எடுத்துச் செலவு செய்யும் கடை எத்தனை நாள் நடக்கும்?

2008 ஜூன் 30ல் மத்திய அரசு பருவநிலை மாற்றத்திற்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதன் எட்டு இயக்கங்களில் தண்ணீர் இயக்கமும் ஒன்று. நீர்ப் பயன்பாட்டுத் திறனை 20 சதவீதம் உயர்த்துவதும், ஆற்றுப் படுகை வாரியாக நீரை ஒருங்கிணைத்து நிர்வகிப்பதும் அதன் இலக்குகள்.

இங்கே நடப்பது என்ன? நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத்துறை வசம். சிறிய ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் வசம். சுரங்க நீர் நிறுவனத்தின் வசம். ஆழ்குழாய்க் கிணறு அவரவர் வசம். ஒரே கடைக்கு நான்கு கல்லா, பொதுப் பேரேடு மட்டும் இல்லை! வெள்ளாற்றுப் படுகைக்கு ஒரே வரவு செலவுக் கணக்கு எழுதி, அதை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். ஏரி தூர்வாருதலும் சாகுபடித் திட்டமும் அந்தக் கணக்கைப் பார்த்தே அமைய வேண்டும்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22லும் நம் மாநிலத்தில் கிராம சபை கூட்டப்படுகிறது. அன்று ஒரு மணி நேரம் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, வணிகர்கள் சபைக்குச் செல்ல வேண்டும். நம் ஊர் ஏரியின் கொள்ளளவு, வரத்துக் கால்வாய், ஆக்கிரமிப்பு விவரங்களைக் கேட்டுத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்லவே!